நியூயோர்க் கொஸ்மொஸ்: ஆடுவதற்கு எதிரணி இல்லாமல் போன அணி

யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் பற்றிப் பேச்செடுத்தால் பெலேயின் பெயர் எங்காவது வந்தே தீரும். சாந்தோஸ் கழகம் தெரியும், 1958, 1962, 1970 உலகக் கிண்ணங்கள் தெரியும். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அமெரிக்காவில் ஆடினார் என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். அந்தக் கொஞ்சக் காலத்தில் அவர் ஆடிய அணிதான் நியூயோர்க் கொஸ்மொஸ். 1971 இல் முதற்போட்டி, 1985 இல் இழுத்து மூடல். இடையில் ஐந்து தடவை சம்பியன்: 1972, 1977, 1978, 1980, 1982. ஒரு கட்டத்தில் அதன் போட்டிக்கு எழுபதாயிரம் பேர் ரிக்கெற் வாங்கி வந்தார்கள்.

இவ்வளவு பெரிய அணி எப்படி அழிந்தது என்று கேட்டால், "அமெரிக்கருக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது" என்று ஒரு வரியில் பதில் வரும். அந்தப் பதில் பிழை. கொஸ்மொஸுக்குச் சனம் வந்தது. அதைச் சுற்றியிருந்த அணிகள்தான் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அவை சரிந்ததற்குக் கொஸ்மொஸே பெருங்காரணம். இதைக் கணக்கோடு பார்த்தால்தான் விளங்கும். இங்கே ஊர்க் கழகங்களில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்து வருடா வருடம் காசு சேர்த்து அணி இறக்குகிறவர்கள் படிக்க வேண்டிய கணக்கு அது.

1967 இல் அமெரிக்காவில் இரண்டு உதைபந்தாட்ட லீக்குகள் போட்டி போட்டுக்கொண்டு தொடங்கின. இரண்டும் நட்டப்பட்டு, 1968 இல் ஒன்றாகி வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக் ஆயின. அந்த வருடம் 17 அணிகள். அடுத்த வருடம் மிஞ்சியவை 5. லீக் அப்போதே முடிந்திருக்க வேண்டும். அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் இருவர்: வேல்ஸ் நாட்டு முன்னாள் வீரர் பில் வூஸ்னம், இங்கிலாந்துப் பத்திரிகையாளர் கிளைவ் டோய். நியூயோர்க்கில் ஒரு அணி இல்லாமல் லீக் நிமிராது என்பது இவர்களுடைய கணிப்பு. அற்லான்ரிக் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய துருக்கிய சகோதரர்கள் அஹ்மெட் எர்ட்டெகுன், நெசுஹி எர்ட்டெகுன் இருவரையும், அவர்களின் தாய் நிறுவனமான வோர்னர் கொம்யூனிகேஷன்ஸின் தலைவர் ஸ்டீவ் றொஸ்ஸையும் பிடித்தார்கள். டோய் பொது முகாமையாளர், இங்கிலாந்துக்காரர் கோர்டன் பிராட்லி பயிற்றுநர். அணி பிறந்தது.

முதல் ஐந்து வருடங்கள் சொந்த மைதானம் கிடையாது. 1971 இல் யாங்கி ஸ்ரேடியம், அடுத்த இரண்டு வருடம் லோங் ஐலண்டில் ஹொவ்ஸ்ட்ரா பல்கலைக்கழக மைதானம், 1974, 1975 இல் றண்டல்ஸ் தீவில் டவுனிங் ஸ்ரேடியம். 1972 இல் பெர்முடாக்காரர் றண்டி ஹோர்ட்டன் கோல்களாக அடித்துக் குவிக்க, இறுதியில் சென் லூயிஸ் ஸ்டார்ஸை 2-1 என வென்று சம்பியனானார்கள். ஆனாலும் பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. 1974 இல் ஒரு போட்டிக்குச் சராசரி 3,578 பேர்தான் வந்தார்கள். இடம் மாறி மாறி ஆடும் அணிக்கு இரசிகர் கூட்டம் ஒட்டாது என்பது இங்கே யாருக்கும் புதிதாக இருக்காது. பாசையூர் சென் அன்ரனிஸுக்கும் நாவாந்துறை சென் மேரிஸுக்கும் இளவாலை யங் ஹென்றிஸுக்கும் முதற்சொத்து அந்தந்த ஊர்தான். ஊர் கழகத்துக்கு முன்பே இருந்தது, கழகம் தோற்றாலும் இருக்கும். கொஸ்மொஸுக்கு அப்படி ஒரு ஊர் கடைசிவரை வாய்க்கவில்லை.

அந்த இடத்தை நிரப்பத்தான் பெலேயைத் தேடிப் போனார்கள். டோய் நாலைந்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தார். பெலே 1974 இல் சாந்தோஸிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வியாபாரத்தில் கையைச் சுட்டிருந்ததால் பணமும் தேவைப்பட்டது. பிறேசில் அரசோ அவரை நாட்டின் சொத்து என்று பிடித்து வைத்திருந்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் ஹென்றி கிசிஞ்சர் பேசித்தான் அந்தத் தடை தளர்ந்தது. 1975 யூன் 10 ஆம் திகதி மன்ஹட்டனில் கையெழுத்து. பல மில்லியன் டொலர் பெறுமதியான அந்த உடன்பாடு ஒரே தாளில் இருக்கவில்லை. பல ஒப்பந்தங்களாகப் பிரித்து எழுதினார்கள். அதிலொன்றில் பெலே அற்லான்ரிக் நிறுவனத்தின் இசைக் கலைஞர். வரி குறைய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. விளையாட்டுக்கென்று கொடுத்தது ஒரு பங்கு, பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை இன்னொரு பங்கு. இன்றைய பெரிய வீரர்களின் ஒப்பந்தங்களும் இந்த மாதிரியில்தான் அமைகின்றன.

யூன் 15 ஆம் திகதி டவுனிங் மைதானத்தில் டலஸ் ரோர்னாடோவோடு முதற்போட்டி. சீபீஎஸ் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. மைதானத்தில் புல் பாதி, மொட்டை மண் பாதி. தொலைக்காட்சியில் அவலமாகத் தெரியக்கூடாது என்று மண் தெரிந்த இடங்களுக்குப் பச்சை வர்ணம் அடித்துவிட்டார்கள். இடைவேளையில் சப்பாத்தைக் கழற்றிய பெலே காலெல்லாம் பச்சையாக இருந்ததைக் கண்டு, ஏதோ பூஞ்சண நோய் தொற்றிவிட்டதென்று பயந்தாராம். போட்டி 2-2. முதற்கோலுக்குப் பந்து கொடுத்தவர் பெலே, இரண்டாவதைத் தலையால் முட்டிப் போட்டவரும் பெலே. அந்த வருடச் சராசரி 10,450 ஆக ஏறியது. 1976 இல் 18,227.

1976 இல் இத்தாலியின் லாஸியோவிலிருந்து ஜோர்ஜியோ கினாலியா வந்தார். பெலேயை விடவும் இந்த அணியின் தலைவிதியைத் தீர்மானித்தவர் இவர்தான் என்பது என் கருத்து. 213 லீக் போட்டிகளில் 193 கோல்கள் அடித்தார். 1980 இல் பிளேஓப் சுற்றில், அதாவது லீக் ஆட்டங்கள் முடிந்தபின் சம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றில், ரல்சா அணிக்கெதிராக ஒரே போட்டியில் ஏழு கோல்கள். பெட்டிக்குள் நிற்பார், அதிகம் ஓடமாட்டார், பந்து காலில் பட்டால் அடிப்பார். ஸ்டீவ் றொஸ்ஸின் நெருங்கிய நண்பரும் ஆனார். எந்தப் பயிற்றுநர் இருப்பார், எவர் போவார் என்பதில் கினாலியாவின் வார்த்தைக்குத் தனி எடை இருந்தது. பிராட்லி, ஃபேர்பி, மறுபடி பிராட்லி, ஃபிர்மானி, கிளிவெக்கா, வைஸ்வைலர், மஸ்ஸேய், மறுபடி ஃபிர்மானி என்று பதினான்கு பருவங்களில் பயிற்றுநர் நாற்காலி சுழன்றது. வீரர் ஒருவர் முதலாளியின் வீட்டு ஆளாகிவிட்டால் பயிற்றுநரின் சொல் எடுபடாது. எந்த மட்டத்துக் கழகத்துக்கும் இது பொருந்தும்.

1977 தான் உச்சம். நியூஜேர்சியில் புதிதாகக் கட்டிய ஜயண்ட்ஸ் ஸ்ரேடியத்துக்கு இடம் பெயர்ந்தார்கள். பயேர்ண் மூனிக்கிலிருந்து ஃபிரான்ஸ் பெக்கன்பவர் வந்தார். நடுப் பருவத்தில் 1970 உலகக் கிண்ண அணித்தலைவர் கார்லோஸ் அல்பேர்ட்டோ வந்தார். ஓகஸ்ட் 14 ஆம் திகதி போர்ட் லோடர்டேல் ஸ்ட்ரைக்கர்ஸோடு நடந்த பிளேஓப் போட்டிக்கு 77,691 பேர். கொஸ்மொஸ் 8-3 என வென்றது.

ஓகஸ்ட் 28 ஆம் திகதி போர்ட்லண்டில் சியாட்டில் சவுண்டர்ஸோடு இறுதிப் போட்டி. பெலேயின் கடைசி லீக் ஆட்டம். அதில் முதற்கோல் விழுந்த விதத்தை ஒவ்வொரு கோல் காப்பாளரும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தக் காலச் சட்டப்படி காப்பாளர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு அடிதான் வைக்கலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் பந்தை நிலத்தில் விட்டு உருட்டித்தான் போக வேண்டும். எல்லாக் காப்பாளர்களும் பந்தைப் பிடித்து, முன்னால் போட்டு, பெட்டியின் விளிம்புவரை மெதுவாக உருட்டி, மறுபடி எடுத்து உதைப்பார்கள். சியாட்டில் காப்பாளர் ரொனி சேர்ஸ்கி அப்படித்தான் பந்தை முன்னால் உருட்டினார். அஸ்ரன் வில்லாவிலிருந்து வந்த 21 வயது ஸ்டீவ் ஹன்ட் தாக்குதல் முடிந்து திரும்பிப் போகிறவர் மாதிரிப் போய், காப்பாளரின் முதுகுப் பக்கம் நின்றுவிட்டார். பந்து நிலத்தில் பட்டதும் பாய்ந்து தட்டிக்கொண்டு போய் வெற்றுக் கோலுக்குள் போட்டார். சகவீரர்கள் கத்தியதெல்லாம் சனத்தின் இரைச்சலில் காப்பாளரை எட்டவில்லை. இன்று நாலடிச் சட்டம் இல்லை. பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரத்துக்குத்தான் கட்டுப்பாடு. ஆனாலும் பந்தை நிலத்தில் விடுமுன் இரண்டு தோளுக்கு மேலாலும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல காட்சி கிடையாது. சியாட்டில் ஒரு கோல் திருப்பியது. கடைசியில் அதே ஹன்ட் இடப்பக்கத்திலிருந்து தூக்கிக் கொடுத்த பந்தைக் கினாலியா தலையால் முட்ட, 2-1.

அதே ஓகஸ்டில் இலங்கை இனக்கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியும் இங்கே 1979 இல்தான் வந்தது. அந்தக் காலத்துப் பெலேயை நம்மவர்கள் நேரில் பார்த்ததுபோலப் பேசுவதெல்லாம் பத்திரிகைப் படங்களையும் பிற்கால வீடியோக்களையும் வைத்துத்தான்.

நமக்குக் கிட்டவாக அந்த அணி வந்தது ஒரு தடவை. வெற்றியைக் கொண்டாடி யப்பான், சீனா, இந்தியா என்று சுற்றுப்பயணம் போனார்கள். 1977 செப்ரெம்பர் 24 ஆம் திகதி கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானோடு ஆடினார்கள். ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் திரண்டிருந்தார்கள். மழை பெய்து நிலம் சகதி. மோகன் பகானின் பயிற்றுநர் பி.கே. பானர்ஜி. பெலேயை ஒட்டி நிற்கும் வேலை கௌதம் சர்க்காருக்கு. கொஸ்மொஸுக்குக் கார்லோஸ் அல்பேர்ட்டோவும், பெனால்ட்டியில் கினாலியாவும் கோல் போட்டார்கள். மோகன் பகானுக்கு ஷ்யாம் தாப்பாவும் முகமட் ஹபீப்பும். 2-2. ஈர நிலத்தில் குட்டைப் பரிமாற்றம் நின்றுபோகும், காலடி இறுகப் பழகிய உள்ளூர் வீரருக்கு அது சாதகம். ஆனாலும் உலகச் சம்பியன்கள் இருந்த அணியைச் சமன் செய்தது சமன் செய்ததுதான். தெற்காசியக் கழகமொன்று உதைபந்தாட்டத்தில் தலைநிமிர்ந்த நாள் அது. ஒக்ரோபர் முதலாந் திகதி ஜயண்ட்ஸ் ஸ்ரேடியத்தில் கொஸ்மொஸ், சாந்தோஸ் போட்டி. முதற்பாதி கொஸ்மொஸுக்கு, அடுத்த பாதி சாந்தோஸுக்கு ஆடி, முதற்பாதியில் ஒரு ஃபிரீ கிக் கோலும் போட்டுவிட்டுப் பெலே ஓய்வு பெற்றார். பிளேஓப் சேர்த்து 64 லீக் போட்டிகளில் 37 கோல்கள்.

பெலே போனால் சனம் போய்விடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1978 இல் சராசரி 34,142 இலிருந்து 47,856 ஆக ஏறியது. யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த விளாடிஸ்லாவ் பொகிச்செவிச் நடுக்களத்தில் நின்று பந்து பிரித்துக் கொடுக்க, 30 போட்டிகளில் 24 வெற்றி, 88 கோல்கள். கினாலியாவுக்கு மட்டும் 34.

இந்த 88 கோல்களை விளங்க அந்த லீக்கின் சட்டங்கள் தெரிய வேண்டும். வெற்றிக்கு 6 புள்ளி. அதோடு அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு புள்ளி, மூன்று கோல் வரை. 1-0 என்று வென்றால் 7, 3-0 என்று வென்றால் 9. 4-3 என்று தோற்றவருக்கும் 3 புள்ளி கிடைக்கும். ஒரு கோல் போட்டதும் பின்னால் இழுத்துக்கொள்ளும் அணிக்கு அட்டவணையில் நட்டம். 1978 இல் கொஸ்மொஸ் எடுத்த 212 புள்ளிகளில் வெற்றிக்கு வந்தது 144, மிச்சம் 68 உம் கோலுக்கு வந்தது. எதிரணியின் பின்கள வீரர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக்கூடாது என்கிற ஓப்சைட் சட்டம் அங்கே நடுக்கோட்டிலிருந்து தொடங்காது. கோல் கோட்டிலிருந்து 35 யார் தூரத்தில், அதாவது 32 மீற்றரில், வேறொரு கோடு போட்டார்கள். அதற்கு வெளியே எங்கு நின்றாலும் ஓப்சைட் இல்லை. பின்கள வீரர்கள் மேலேறி நின்று பொறி வைக்க முடியாது. நடுக்களம் விரிந்து கிடக்கும். பொகிச்செவிச் மாதிரி நாற்பது மீற்றர் பந்தை அளந்து போடுகிறவருக்கும், கினாலியா மாதிரி முன்னால் காத்து நிற்கிறவருக்கும் இந்தச் சட்டம் அச்சொட்டாகப் பொருந்தியது. ஃபீபா இதை ஒருபோதும் விரும்பவில்லை. என் பார்வையில் ஃபீபா சொன்னது சரி. ஆட்டத்தின் இறுக்கமே ஓப்சைட்டில்தான் இருக்கிறது.

ஆனால் சமநிலை தவிர்ப்பு முறை ஒன்று வைத்திருந்தார்கள். அதை நான் பெனால்ட்டியை விட மேலாக மதிக்கிறேன். 1977 முதல் மேலதிக நேரத்துக்குப் பிறகும் போட்டி சமநிலையென்றால் ஷூட்அவுட். பந்தை 35 யார் கோட்டில் வைப்பார்கள். விசில் ஊதினதும் ஐந்து செக்கன். வீரர் எத்தனை தொடுகையும் தொடலாம், காப்பாளர் எவ்வளவு தூரமும் வெளியே வரலாம். அணிக்கு ஐந்து பேர்.

இதைப் பயிற்சிக்கு வைத்துப் பார்க்க விரும்புகிற பயிற்றுநர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோட்டிலிருந்து பெனால்ட்டிப் பெட்டியின் விளிம்பு 15.5 மீற்றர். பந்தோடு ஓடும் நல்ல வீரருக்கு அந்தத் தூரத்துக்கு இரண்டரை முதல் மூன்று செக்கன் போய்விடும். மிஞ்சுவது இரண்டு செக்கன். அதற்குள் காப்பாளரும் பன்னிரண்டு மீற்றர் வெளியே வந்திருப்பார். எல்லாம் முதல் தொடுகையில் தங்கியிருக்கிறது. ஆறேழு மீற்றருக்கு முன்னால் தள்ளினால் வேகம் கிடைக்கும். பத்து மீற்றர் தள்ளினால் பந்து காப்பாளருக்கு. இரண்டு மீற்றர் தள்ளினால் நேரம் முடிந்துவிடும். பெரும்பாலானோர் தவறவிடுவது இரண்டாவது தொடுகைக்குப் பிறகு: அடிப்பதா, காப்பாளரைச் சுற்றிப் போவதா என்று தயங்குகிற அந்த அரைச் செக்கனில். ஆகவே முடிவை ஓடத் தொடங்கும்போதே எடுக்கப் பழக்க வேண்டும். காப்பாளர் முதல் இரண்டு செக்கனில் பாய்ந்து வந்தால் தலைக்கு மேலால் தூக்கிப் போடுவது, கோட்டிலேயே நின்றால் பெட்டி விளிம்பிலிருந்து மூலைக்கு அடிப்பது, இடையில் நின்றால் மட்டும் சுற்றிப் போவது. காப்பாளருக்கும் ஒரு விதி: வந்தால் முழுதாக வர வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது. கரையோர ஊர்களின் மணல் மைதானங்களில் பந்து வேகமாகச் செத்துவிடும். அங்கே முதல் தொடுகையைக் கொஞ்சம் அழுத்தித் தட்டச் சொல்ல வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஒருவருக்கொருவர் எதிர்கொள்ளும் துணிவை வளர்க்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

1979 அரையிறுதியில் கொஸ்மொஸ் இதே முறையால்தான் வெளியேறியது. வன்கூவரில் 2-0 தோல்வி. திரும்பி நியூஜேர்சியில் ஷூட்அவுட் வழியாக 3-2 வெற்றி. லீக் விதிப்படி இரண்டு போட்டியிலும் ஆளுக்கொன்று வென்றால் உடனேயே 30 நிமிடக் குறும்போட்டி. அதுவும் சமநிலை, மறுபடி ஷூட்அவுட், வன்கூவர் வென்றது. மூன்றரை மணி நேரம் பிளாஸ்ரிக் புல்லில் ஆடினார்கள்.

அந்தப் பிளாஸ்ரிக் புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜயண்ட்ஸ் ஸ்ரேடியம் அமெரிக்கன் ஃபுட்போலுக்காகக் கட்டப்பட்டது. அஸ்ட்ரோரேர்ஃப் என்கிற அந்த விரிப்பின் அடியில் மெல்லிய மெத்தை, அதற்கடியில் கட்டாந்தரை. பந்து நிலத்தில் பட்டதும் வழுக்கிப் பறக்கும், இல்லையென்றால் இயல்புக்கு மேலே எழும்பும். சறுக்கிப் பந்து பறிக்கப் போனால் தொடைத் தோல் உரியும். முழங்காலும் கணுக்காலும் தரையின் அதிர்ச்சியை வாங்கும். முப்பது தாண்டிய நட்சத்திரங்களுக்கு அந்தத் தரையில் ஒவ்வொரு பருவமும் இரண்டு பருவத்துத் தேய்மானம். இன்றைய செயற்கைப் புல் வேறு: நீண்ட இழை, இடையில் மணலும் இறப்பர்த் துகளும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பழைய பழியை இதன் மேல் போடக்கூடாது.

இனி மற்ற அணிகளின் கதை. 1977 இல் 18 ஆக இருந்த அணிகளை 1978 இல் ஒரேயடியாக 24 ஆக்கினார்கள். புதிதாகச் சேர்கிற அணி கட்டும் நுழைவுப் பணம் பழைய உரிமையாளர்களுக்குப் பகிரப்படும். நட்டத்தில் இருக்கிற உரிமையாளருக்கு அது இனித்தது. புதிதாக வந்தவர்களில் பலருக்கு இந்த விளையாட்டே தெரியாது. பிலடெல்பியா அணியின் உரிமையாளர்களில் றொக் இசைக்கலைஞர்கள் இருந்தார்கள். மூன்று பருவம் ஆடிவிட்டு அந்த அணி மொன்றியலுக்கு விற்கப்பட்டது.

கொஸ்மொஸ் ஊருக்கு வரும்போது மட்டும் மைதானம் நிறையும். மிச்ச நாள் வெறிச்சோடும். அப்படியானால் நமக்கும் ஒரு நட்சத்திரம் வேண்டும் என்று எல்லோரும் கிளம்பினார்கள். லொஸ் ஏஞ்சலஸுக்கு ஜோர்ஜ் பெஸ்ட், பிறகு யொஹான் குரைஃப். போர்ட் லோடர்டேலுக்குக் கோர்டன் பாங்க்ஸ், கேர்ட் முல்லர், குபில்லாஸ். 1980 இல் குரைஃபை வொஷிங்டன் டிப்ளொமட்ஸ் வாங்கியது. அந்தப் பருவம் முடிந்ததும் உரிமையாளர்கள் அணியை மூடினார்கள். வோர்னர் நிறுவனத்துக்குக் கொஸ்மொஸின் நட்டம் சில்லறைக் காசு, அதைவிடப் பல மடங்கு விளம்பரமாகத் திரும்பி வந்தது. ஒரு ஊரின் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் அணிக்கு அதே நட்டம் மரணம். 1980 இல் கொஸ்மொஸின் சராசரி 42,754. லீக் முழுவதற்குமான சராசரி, அதுவே அதன் உச்சமும்கூட, 14,440. கொஸ்மொஸை எடுத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் குறையும். நுழைவாயில் காசை வைத்துக்கொண்டு குரைஃபுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பதற்குக் கணக்காளர் தேவையில்லை.

இங்கேயும் இந்த நோயின் சிறு வடிவம் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற ஒரு உறவு பெரிய தொகை அனுப்புகிறார். கழகம் அந்தத் தொடருக்கு மட்டும் வெளியிலிருந்து நாலைந்து வீரர்களை இறக்குகிறது. கிண்ணம் வருகிறது. பக்கத்து ஊரும் அடுத்த வருடம் அதையே செய்கிறது. மூன்றாம் வருடம் அனுசரணையாளர் கையை விரிக்கிறார். அதற்குள் ஊர்ப் பையன்கள் வாங்கில் இருந்து இருந்து சலித்து விளையாட்டையே விட்டிருப்பார்கள். கழகக் கணக்கில் பார்க்க வேண்டியது மொத்த வரவை அல்ல. அந்த வரவில் ஒருவர் கையிலிருந்து வருவது எத்தனை பங்கு என்பதை. பாதிக்கு மேல் ஒரே கையென்றால், அந்தக் கை நின்ற நாளில் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பதினான்கு, பதினாறு வயதுப் பிரிவுகளுக்கான பந்து, பயிற்றுநர், போக்குவரத்துச் செலவை அந்தக் கையிலிருந்து எடுக்கவே கூடாது. அதை ஊரிலிருந்து சேரும் சிறு காசில்தான் நடத்த வேண்டும், தொகை சின்னதானாலும் நிற்காது. இன்னொன்று: யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை லீக்குகளில் கடைசி இடங்களில் நிற்கிற கழகங்கள் தொடர்ந்து ஆட வழி இருக்கிறதா என்பதை முதலிடத்தில் நிற்கிற கழகங்களும் கவலையோடு பார்க்க வேண்டும்.

ஏபீசீ தொலைக்காட்சி 1979 இல் லீக்கோடு ஒப்பந்தம் செய்தது. பார்த்தவர் தொகை போதாது என்று 1980 உடன் வழக்கமான ஒளிபரப்பை நிறுத்தியது. தொலைக்காட்சிப் பணத்தை நம்பி வந்த உரிமையாளர்கள் கிளம்பினார்கள். 1980 இல் 24 அணிகள், 1981 இல் 21, 1982 இல் 14, 1983 இல் 12, 1984 இல் 9. கொஸ்மொஸ் 1980 இறுதிப் போட்டியில் வொஷிங்டனில் போர்ட் லோடர்டேலை 3-0 என வென்றது. 1981 இறுதியில் ரொறன்ரோவில் சிக்காகோ ஸ்டிங்கிடம் ஷூட்அவுட்டில் தோற்றது. 1982 இறுதியில் சன் டியேகோவில் கினாலியாவின் ஒற்றைக் கோலால் சியாட்டிலை வென்றபோது பார்க்க வந்தவர்கள் 22,634 பேர். நாலு வருடத்துக்கு முன்னர் ரம்பா பே அணியோடு ஜயண்ட்ஸ் ஸ்ரேடியத்தில் நடந்த இறுதிக்கு வந்தவர்கள் 74,901. எதிரணிகளே வருடா வருடம் காணாமல் போகிற லீக்கில் பகையும் வளராது, பழைய கணக்குத் தீர்க்கும் ஆவலும் வளராது. கொஸ்மொஸின் சராசரியும் 28,749 க்கு இறங்கியது.

கொலம்பியா கைவிட்ட 1986 உலகக் கிண்ணத்தை அமெரிக்காவுக்கு எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று கடைசி நம்பிக்கை வைத்தார்கள். 1983 மே மாதம் ஃபீபா அதை மெக்சிக்கோவுக்குக் கொடுத்தது. அதே வருடம் வோர்னருக்கும் இடி விழுந்தது. 1976 இல் 2 கோடி 80 இலட்சம் டொலருக்கு வாங்கிய அட்டாரி வீடியோ விளையாட்டு நிறுவனம் சில வருடம் பொன் முட்டை இட்டுவிட்டு 1983 இல் சரிந்தது. அந்த ஒரு வருடத்தில் வோர்னரின் நட்டம் 41 கோடி டொலருக்கு மேல். ரூபேர்ட் மேர்டொக் நிறுவனத்தையே கைப்பற்ற முயன்றுகொண்டிருந்தார். ஸ்டீவ் றொஸ்ஸுக்கு இனி உதைபந்தாட்டத்தில் கொட்டக் காசில்லை. தேவையற்றதையெல்லாம் விற்றார்கள். 1984 இல் கொஸ்மொஸின் கட்டுப்பாடு கினாலியாவின் கைக்கு வந்தது. ஏற்கெனவே அவர் ரோமில் லாஸியோவையும் வாங்கி வைத்திருந்தார். இரண்டையும் தாங்கும் பணம் அவரிடம் இருக்கவில்லை. நட்சத்திரங்கள் போனார்கள், சராசரி 12,817 ஆனது, பிளேஓப்புக்கும் தகுதி பெறவில்லை.

லீக்கின் தலைவர் ஹவார்ட் சாமுவேல்ஸ் சம்பள உச்சவரம்பைக் கொண்டுவந்தார். நல்ல மருந்து, ஆறேழு வருடம் பிந்திப்போன மருந்து. 1984 ஒக்ரோபரில் அவர் இறந்தார். இடைக்காலத் தலைவராக வந்தவர் வேறு யாருமல்ல, கொஸ்மொஸைக் கட்டி எழுப்பிய அதே கிளைவ் டோய். கொஸ்மொஸ் அந்தக் குளிர்காலத்தில் உள்ளரங்க லீக்கொன்றில் ஆடிப் பார்த்தது. சனம் வரவில்லை என்று 1985 பெப்ரவரியில் பாதியில் விலகியது. அடுத்த பருவத்துக்கான பிணைப்பணத்தைக் கட்டவில்லை என்று வட அமெரிக்க லீக்கிலிருந்தும் நீக்கப்பட்டது. தான் பெற்ற பிள்ளையைத் தானே வெளியேற்ற வேண்டிய நிலை டோய்க்கு. 1985 மார்ச் 28 ஆம் திகதி லீக் நிறுத்தப்பட்டபோது ஆட ஆயத்தமாக இருந்த அணிகள் இரண்டே இரண்டு: மினெசோட்டா, ரொறன்ரோ. கொஸ்மொஸ் வெளிநாட்டு அணிகளோடு சிநேகபூர்வப் போட்டிகள் ஆடலாம் என்று பார்த்தது. யூன் மாதம் லாஸியோவோடு நடந்த போட்டிக்கு ஒன்பதாயிரத்துக்கும் குறைவானவர்களே வந்தார்கள். மிச்சப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. அதோடு சரி.

பெயர் மட்டும் தப்பியது. பழைய நிர்வாகிகளில் ஒருவர் அதை வைத்திருந்து 2009 இல் விற்றார். 2013 இல் அதே பெயரில் புதிய அணி வேறொரு இரண்டாந்தர லீக்கில் இறங்கி 2013, 2015, 2016 இல் கிண்ணம் எடுத்தது. அந்த லீக்கும் நின்றதால் அந்த அணியும் முடங்கியது. 2026 பருவத்துக்கென நியூஜேர்சியின் பற்றர்சன் நகரில் அந்தப் பெயரை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். சட்டையில் பெயர் ஒன்றென்பதால் இவற்றைப் பழைய கழகத்தின் தொடர்ச்சி என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழைய கழகம் விட்டுப்போனது ஜயண்ட்ஸ் ஸ்ரேடியத்துக்கு அண்டிய கேர்ணி என்ற சிறு நகரத்தில் இருக்கிறது. கொஸ்மொஸைப் பார்த்து வளர்ந்த அந்த ஊர்ப் பையன்கள் மூவர், ரொனி மியோலா, ரப் றாமோஸ், ஜோன் ஹார்க்ஸ், 1990 இல் அமெரிக்காவை நாற்பது வருடத்துக்குப் பிறகு உலகக் கிண்ணத்தில் ஆட வைத்த அணியில் இருந்தார்கள். 1994 இல் உலகக் கிண்ணமே ஜயண்ட்ஸ் ஸ்ரேடியத்துக்கு வந்தது. 1996 இல் அமெரிக்காவின் புதிய லீக்கான மேஜர் லீக் சொக்கர் தொடங்கியபோது எழுதிய விதிகளில் வீரர்களின் ஒப்பந்தங்கள் அணிகளிடம் இல்லை, லீக்கிடம். எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. எந்த உரிமையாளரும் எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் தனியே கூட்டி வாங்க முடியாது. அந்தக் கதவைப் பதினொரு வருடம் பூட்டியே வைத்திருந்தார்கள். 2007 இல் டேவிட் பெக்காமுக்காகக் கொஞ்சம் திறந்தபோதும் அணிக்கு ஒரு வீரர் என்ற அளவில்தான் திறந்தார்கள்.